ரிமாண்டின்போது கைதியின் உடம்பைப் பார்ப்பவர் யார்? சிறை, நீதிமன்ற முறைகேடுகள் குறித்த விவாதம்

வைகை வடகரை (இழையைத் தொடங்கியவர்):

சாத்தான்குளத்து ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூனில் காவல் நிலையத் தாக்குதலுக்குப் பின் அடுத்தடுத்து உயிரிழந்தபோதும், 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் தனிப்படையினரின் பிடியில் உயிரிழந்தபோதும், மதுரையில் நாம் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். அடித்தவர்களுக்கு என்ன தண்டனை, தூண்டிய அதிகாரி யார், குடும்பத்துக்கு அரசு என்ன செய்யும் என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆயினும், தென் மாவட்டக் குற்றவியல் நீதிமன்றங்களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பேச்சில் ஒவ்வொரு முறையும் விடுபட்டுப் போகும் ஒரு கட்டத்தை இங்கே விவாதத்துக்கு வைக்க விரும்புகிறேன். அது ரிமாண்ட், அதாவது கைதானவரைச் சிறைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடும் கட்டம்.

சாத்தான்குளத்தில் நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜூன் 19 இரவு தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு உடல் தகுதிச் சான்று வழங்கப்பட்டது. பின்னர் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவு பிறப்பித்தார். அங்கிருந்து வெகு தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். அடி விழுந்தது காவல் நிலையத்தில்தான் என்றாலும், அந்தக் காயங்கள் மருத்துவர், மாஜிஸ்திரேட், சிறை அதிகாரி என மூன்று அரசு அலுவலர்களைத் தாண்டிப் போயின. மாஜிஸ்திரேட் அருகில் வந்து பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. மூவரில் ஒருவராவது நிறுத்தி விசாரித்து, மதுரை அரசு மருத்துவமனைக்கோ நெல்லைக்கோ அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் என்னை இன்றும் விடுவதில்லை.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது கூறு சொல்வது, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதற்காக அன்று. போலீசார் அல்லாத ஒருவர் அந்த மனிதரைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவரிடம் பேச வேண்டும் என்பதற்காகவே அந்தப் பாதுகாப்பு வைக்கப்பட்டது. நடைமுறையோ வேறு. கோர்ட் கலைந்த பின், பொழுது சாய்ந்த நேரத்தில், மாஜிஸ்திரேட் குடியிருப்பின் வாசலில் வேன் வந்து நிற்கும். கைதி இறங்கி வாசலில் நிற்பார், அல்லது வேனிலேயே இருப்பார். ரிமாண்ட் ரிப்போர்ட்டும் வாரண்டும் உள்ளே போகும். ‘போலீசார் மீது புகார் இல்லை’ என்ற வாசகம் கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். எஸ்.ஐ. பக்கத்தில் நிற்கும்போது ‘உன்னை அடித்தார்களா?’ என்று கேட்டால், அன்றிரவு மீண்டும் அதே வேனில் போக வேண்டியவர் என்ன பதில் சொல்வார்? போலீசாரை வெளியே அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகையும் பாதத்தையும் பார்த்து, பார்த்ததைத் தன் கைப்பட எழுதிய மாஜிஸ்திரேட்டுகளிடமும் நான் பணிபுரிந்திருக்கிறேன். ஒரு கைதிக்குப் பத்து நிமிடங்கூட ஆனதில்லை. அந்த நீதிமன்றங்களின் எல்லைக்குட்பட்ட காவல் நிலையங்களில் கை வைப்பதற்கு யோசித்தார்கள் என்பதை நான் கண்கூடாகக் கண்டேன்.

சிறைக்குள் நடக்கும் வசூலும், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத நிலையும் இதே போக்கிலிருந்து முளைத்தவை என்பது என் கருத்து. பார்க்க வேண்டியவர் பார்க்காமல் கையெழுத்திடும் ஒவ்வொரு இடத்திலும் இன்னொருவர் காசு பார்க்கிறார். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கரிமேடு வாசகர்:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பணத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டாம். அரசரடியில் 1865 முதல் இருக்கும் மதுரை மத்திய சிறையின் மதிலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அங்கே கைதிகள் செய்யும் அலுவலக உறைகளும் கோப்பு அட்டைகளும் அரசு அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் போகின்றன. அவற்றுக்கு மூலப்பொருள் வாங்கியதில் 1.63 கோடி ரூபாய் மோசடி நடந்ததாக, சிறைக் கண்காணிப்பாளர் நிலையில் இருந்தவர் உள்ளிட்ட அதிகாரிகள் மீதும் பொருள் கொடுத்த வியாபாரிகள் மீதும் லஞ்ச ஒழிப்புத் துறை 2024 டிசம்பரில் வழக்குப் பதிந்தது. குற்றச்சாட்டு 2016 முதல் 2021 வரையிலான காலத்தைப் பற்றியது. வழக்கு முடியட்டும், யாரையும் இப்போதே குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே நடக்கும் கொள்முதலை ஐந்தாண்டுகள் வெளியிலிருந்து எவரும் சரிபார்க்கவில்லை என்றால், ஆயுள் கைதி தைக்கும் ஒவ்வொரு உறையிலும் அந்த மௌனம் இருக்கிறது.

அதே மாதத்தில்தான், முன்னாள் கைதி ஒருவரின் குடும்பத்துப் பெண்ணைத் தொந்தரவு செய்தார் என்ற புகாரில் உதவி ஜெயிலர் ஒருவர் நடுரோட்டில் அந்தக் குடும்பத்தாரிடம் செருப்படி பட்டு, வழக்குக்கும் பணியிடை நீக்கத்துக்கும் ஆளானார். கைதியின் வீட்டுப் பெண்கள் மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) வரும்போது கொடுக்கும் முகவரியும் செல்போன் எண்ணும் யாருடைய கையில் போகின்றன என்று நாம் கேட்டதே இல்லை.

முன்னாள் வார்டர்:

சிறைத் துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, தென் மாவட்டங்களிலும் பிற இடங்களிலும் பணிபுரிந்தேன். எந்தச் சிறை என்று இங்கே குறிப்பிட விரும்பவில்லை. உள்ளே எப்படிப் பணம் புரளுகிறது என்பதை நேராகச் சொன்னால்தான் இந்த விவாதம் உருப்படும்.

புதிதாக வரும் கைதி முதலில் தனி பிளாக்கில் வைக்கப்படுகிறார். அங்கிருந்து எந்த பிளாக்குக்கு, எந்த அறைக்கு அனுப்பப்படுகிறார் என்பதில்தான் முதல் விலை இருக்கிறது. காற்று வரும் அறை, கழிப்பறைக்கு எட்ட இருக்கும் படுக்கை, சொந்த ஊர்க்காரர்கள் இருக்கும் பிளாக், எதிர்க் கோஷ்டி இல்லாத பிளாக் என்று ஒவ்வொன்றும் பேரத்துக்கு உரியது. கடைசியாகச் சொன்னது வசதி பற்றியது அன்று, உயிர் பற்றியது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் 2021 ஏப்ரலில் ஒரு விசாரணைக் கைதி உள்ளே வந்த அன்றே மற்றக் கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். யாரை எங்கே அடைப்பது என்ற முடிவை அலட்சியமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதற்கடுத்த விலை பீடிக்கும் செல்போன் பேச்சுக்கும். ஒரு கட்டு பீடி வெளியே விற்கும் விலைக்கும் உள்ளே விற்கும் விலைக்கும் இடையிலுள்ள பணம் பலர் கைகளில் பிரிகிறது. பிடிபடுபவர் எப்போதும் கேட்டில் நிற்கும் வார்டர்தான். அவருக்கு மேலே போன பங்கு எந்தக் குறிப்பாணையிலும் வராது.

இழையைத் தொடங்கிய ஐயா சிறை அதிகாரியையும் சேர்த்துக் குற்றம் சொன்னார். அதில் ஒரு பாதி நியாயமானது. இரவு ஒன்பது மணிக்கு வழிக்காவல் போலீசார் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர் நொண்டுகிறார். காயத்தைப் பதிவேட்டில் எழுதினால் போலீசார் முறைக்கிறார்கள். எழுதாவிட்டால் நாளை அந்தக் காயம் சிறையில் ஏற்பட்டது என்று எங்கள் தலையில் விழும். ஆகவே அனுபவமுள்ள வார்டர்கள் ‘ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் காயப் பதிவேட்டு நகல்) இல்லாமல் ஆளை உள்ளே எடுக்க மாட்டோம்’ என்று சொல்லித் திருப்பி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு பிடிவாதம் சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது கைதியின் மீதுள்ள அக்கறையால் வந்த பிடிவாதம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சிதான். கால் உடைந்த ஒவ்வொருவரும் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்றே ஏ.ஆர். காப்பியில் எழுதப்பட்டு வருவார். எழுதிய டாக்டருக்கும் தெரியும், வாங்கிய எங்களுக்கும் தெரியும்.

பெரிய அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் கைதிகளையும் காவலர்களையும் அனுப்புவதைப் பற்றியும் பேச வேண்டும். வேலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதி ஒருவரை டி.ஐ.ஜி. வீட்டில் வேலை வாங்கி, பிறகு திருட்டுப் பழி சுமத்தித் தனி அறையில் அடைத்து அடித்ததாக 2024இல் வந்த வழக்கு, உயர்நீதிமன்றம் தலையிட்டதால் மட்டுமே சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அவருடைய தாய் மனுப் போடாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

உசிலைச் சகோதரி:

பெரியவர்கள் எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லி வழி கேட்கிறேன்.

என் தம்பி ஒரு திருட்டு வழக்கில் உள்ளே இருக்கிறான். இதற்கு முன் அவன் மீது எந்த வழக்கும் இல்லை. ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பத்தாயிரம் ரூபாய் மதிப்பில் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் வாடகை வீட்டில் இருப்பவர்கள், காணி நிலம் கிடையாது. ஆண்டிபட்டியில் இருக்கும் எங்கள் மாமா வீட்டு வரி ரசீதும் பத்திரமும் எடுத்துக்கொண்டு வந்தார். அது தேனி மாவட்டம், இங்கே செல்லாது என்று கோர்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நின்ற ஒருவர், ஆள் ஏற்பாடு செய்து தருகிறேன், தலைக்கு இவ்வளவு என்று கேட்டார். ஒருவருக்கு முன்பணம் கொடுத்தோம். மறுநாள் அவர் வரவில்லை. மனு பார்க்கப் போகும்போதும் வாசலில் தொடங்கிக் கம்பி வலை வரைக்கும் கை நீட்டாத ஆளில்லை. வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். அவன் என்ன சொன்னான் என்பது பாதிதான் காதில் விழுகிறது.

நாங்கள் பணம் கொடுத்ததை எழுதிப் புகார் செய்தால் எங்கள் மேலேயே கேஸ் வரும் என்கிறார்கள். அது உண்மையா?

நேர்வழி:

கைதிகளுக்காக இவ்வளவு உருகுகிறோம். நகை பறிகொடுத்த பெண்ணுக்கும், வெட்டுப்பட்டவரின் குடும்பத்துக்கும் யார் இழை தொடங்குவது? குற்றம் செய்தவன் கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்று நினைப்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். மூன்று நாளில் ஜாமீனில் வந்து மறுபடியும் அதே தெருவில் நிற்பவனைப் பார்த்து வெறுத்தவர்கள் அவர்கள்.

மேலூர் ரோட்டு வழக்கறிஞர்:

முதலில் உசிலைச் சகோதரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கலாம்.

அம்மா, வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரிப்பது சரியன்று. 1978இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர் ஒரு கொத்தனார். அவருக்கும் பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித்தான் மாஜிஸ்திரேட் நிராகரித்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதே காரணம் இன்றும் உங்கள் மாமாவிடம் சொல்லப்படுகிறது.

அடுத்தது, ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. உங்கள் தம்பி விஷயத்தில் அப்படி ஒரு தகவல் போனதா என்று எழுத்தில் கேளுங்கள். பிணைத் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்பது புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 484ஆவது பிரிவு. ஜாமீன்தாரருக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதி கேட்பது 490ஆவது பிரிவு. ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில், விசாரணைக் கைதிக்குப் பண உதவி செய்ய மாவட்ட அளவில் குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைக்க வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் பேசுங்கள்.

பணம் கொடுத்தது பற்றி: 2018 திருத்தத்துக்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் போலீசாரிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அவர் மீது அந்தக் குற்றம் சாராது. கேட்ட உடனேயே தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் சொற்படி பணத்தைக் கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு. சிறை வாசலில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு ஏழு நாள் கெடு வைத்த சட்டம் எவ்வளவு இரக்கமற்றது என்பது வேறு விஷயம். வராந்தாவில் நிற்கும் தரகர் அரசு ஊழியர் அல்லர் என்பதால் அது மோசடிப் புகார். அதற்கு இந்த ஏழு நாள் கணக்கு பொருந்தாது.

நேர்வழி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாளில் வெளியே வருபவனையும், ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் உள்ளே கிடப்பவனையும் ஒரே அமைப்புதான் உருவாக்குகிறது. முன்னவனிடம் காசு இருக்கிறது, கூலிக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், ரிலீஸ் ஆர்டர் அடைப்பு நேரத்துக்கு முன்பே சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நகை பறிகொடுத்த பெண்ணுக்கும் இதனால் நியாயம் கிடைப்பதில்லை. அடித்து வாங்கிய வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. உண்மைத் திருடனைத் தேடும் வேலையும் அந்த வாக்குமூலத்தோடு நின்றுபோகிறது.

மடப்புரம் சாலை:

ரிமாண்டில் மாஜிஸ்திரேட் சரியாகப் பார்த்தால் போதும் என்பது போல விவாதம் போகிறது. அஜித்குமார் ரிமாண்ட் வரைக்கும் வரவே இல்லையே! நகை காணோம் என்ற ஒரு வாய்ப் புகாரில் அவரைத் தனிப்படை கூட்டிக்கொண்டு போனது. எவருடைய உத்தரவின் பேரில் தனிப்படை அந்த விசாரணையை எடுத்தது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது. கோயிலுக்குப் பின்னால் அவர் அடிபடுவதை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த காட்சி இல்லாவிட்டால், அதுவும் ‘வலிப்பு வந்து இறந்தார்’ என்று முடிந்திருக்கும் என்றே எங்கள் பகுதி மக்கள் நம்புகிறார்கள். கணக்கில் வராமல் கொண்டுபோகப்படுபவரை எந்த மாஜிஸ்திரேட் பார்ப்பார்?

சட்டக்கல்லூரி மாணவி:

மடப்புரம் சாலை அவர்களின் கேள்விதான் மையமானது என்று நினைக்கிறேன். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கைதானவரின் பாதுகாப்புக்காகச் சொன்ன விதிகள், கைது என்று ஒன்று பதிவானால்தான் வேலை செய்யும். அதனால்தான் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதங்கள் வைத்திருக்கச் சொன்னார்கள். சாத்தான்குளத்தில் கேமராவும் இருந்தது, சேமிக்க இடமும் இருந்தது. பதிவு அன்றாடம் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் தம் அறிக்கையில் எழுதினார். மடப்புரத்திலோ நிலையத்துக்கு வெளியே வைத்தே அடித்தார்கள். சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஐ.நா. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் 273ஆவது அறிக்கையில் மீண்டும் பரிந்துரைத்தது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 2022இன் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 479ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்கிறது. நிலுவையில் கிடக்கும் திருட்டு வழக்குகளில் இரண்டை ஒருவர் தலையில் எழுதிக் கணக்கை முடிக்கும் பழக்கம் உள்ள ஊரில் இந்த உட்பிரிவு யாரைத் தாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உசிலை அக்கா, தம்பி மீது வேறு வழக்கு ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை உடனே பாருங்கள்.

பாளையங்கோட்டைச் சிறையில் மோதலைத் தடுக்க என்று சொல்லிச் சாதிவாரியாக பிளாக் பிரித்திருந்ததை உயர்நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டது. அந்த வாதம் செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வார்டர் ஐயா சொன்ன ‘எந்த பிளாக்’ என்ற பேரத்துக்குச் சாதியும் ஒரு விலைச்சீட்டாக இருந்திருக்கிறது.

கரிமேடு வாசகர்:

வைகை வடகரை ஐயாவிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். போலீசாரையும் சிறையையும் பேசிவிட்டோம். நீங்கள் இருந்த கோர்ட்டைப் பற்றி ஏன் குறைவாகவே பேசுகிறோம்?

வைகை வடகரை:

நியாயமான கேள்வி. நீதிமன்றத்தில் நடக்கும் லஞ்சம் பெரும்பாலும் தீர்ப்பை விற்பதில்லை. நேரத்தை விற்கிறது. நகல் மனுப் போட்டால் வரிசைப்படி வர வேண்டிய சான்றிட்ட நகல் கையில் காசு வைத்தவருக்கு அன்று மாலையே கிடைக்கும். மற்றவருக்கு ‘கேஸ் கட்டு சிக்கவில்லை’ என்ற பதில் கிடைக்கும். ஜாமீன்தாரர் ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசையில் ‘இந்த வி.ஏ.ஓ. சான்றில் சீல் தெளிவில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதினால், ஒரு மனிதர் இன்னும் இரண்டு இரவுகள் சிறையில் கிடப்பார். அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் மூன்று இரவுகள். எழுதியவர் எந்த விதியையும் மீறவில்லை. அதனால்தான் அவரைப் பிடிக்க முடிவதில்லை. டவாலிக்கு (நீதிமன்றச் சேவகருக்கு) கொடுக்கும் இருபது ரூபாயைப் பற்றி மட்டும் பேசி, இந்த மேசையைப் பேசாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

மாவட்ட நீதித் துறையின் மீதான கட்டுப்பாடு அரசியலமைப்பின் 235ஆவது கூறுப்படி உயர்நீதிமன்றத்திடம் இருக்கிறது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் மீது ஊழல் வழக்குப் பதிய வேண்டுமானால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 1991இல் வீராசாமி வழக்கில் சொல்லப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் மீதான வழக்குதான் அது. நீதிபதிகளைப் பொய்ப் புகாரிலிருந்து காக்க அந்த வேலி தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிமாண்ட் விஷயத்துக்கு அந்த வேலி குறுக்கே நிற்பதே இல்லை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், காரணம் எழுதாமல் காவலில் வைக்க அனுமதிக்கும் மாஜிஸ்திரேட் மீது உயர்நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எத்தனை நடவடிக்கைகளை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்?

மடப்புரம் சாலை அவர்களே, உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. கணக்கில் வராமல் கொண்டுபோகப்படுபவரை ரிமாண்ட் காப்பாற்றாது. ஆயினும் தனிப்படைக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். அடித்து, நகை கிடைத்தால் கணக்கில் காட்டி, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். ரிமாண்ட் வரை போனாலும் எவரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லை என்ற உறுதி அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தால் கிடைத்தது. நூறு ரிமாண்டில் பார்க்காமல் விட்டதன் பலன் நூற்றியோராவது ஆளின் மீது விழுகிறது. சாத்தான்குளத்தில் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னதும், ஒரு தலைமைக் காவலர் அம்மையார் தாம் கண்டதை உள்ளபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் நம் நாட்டில் அரிதாக நடந்தவை. அந்த அமர்வு செய்ததில் பத்தில் ஒரு பங்கை, ஜூன் 20 அன்று ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்திட்டவர் செய்திருக்கலாம். அதற்கு வீரம் தேவைப்பட்டிருக்காது. எழுந்து வந்து பார்த்திருந்தால் போதும்.

முன்னாள் வார்டர்:

வெளியாட்கள் உள்ளே வந்து பார்க்கும் ஏற்பாடு 1983ஆம் ஆண்டுச் சிறை விதிகளிலேயே இருக்கிறது. அரசு சாராத பார்வையாளர்களை நியமிக்க வேண்டும். என் பணிக்காலத்தில் அத்தகைய பார்வையாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, சமையற்கூடத்தில் குழம்பை எடுத்து வாயில் வைத்துப் பார்த்ததையும், அன்று மாலையே சட்டி மாறியதையும் பார்த்தேன். நியமனமே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்ததையும் பார்த்தேன். மதுரையில் மனித உரிமை அமைப்புகளுக்குக் குறைவில்லை. மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் இங்கிருந்துதான் இயங்குகிறது. அந்த நியமனங்களைக் கேட்டு யாராவது மனுப் போட்டால், நான் சத்தியப் பிரமாணம் தரத் தயார்.

உசிலைச் சகோதரி:

சட்டக்கல்லூரித் தங்கை சொன்னபடி விசாரித்தேன். வேறு ஒரு நிலையத்தில் இன்னொரு வழக்கில் தம்பி பெயரைச் சேர்க்கப் போவதாக ஏட்டு ஒருவர் சொன்னாராம். இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டால் இந்த ஜாமீன் வீணாகிவிடுமா? நான் முதலில் எங்கே போவது?

மேலூர் ரோட்டு வழக்கறிஞர்:

வீணாகாது. ஆனால் புதிய வழக்கில் தனியாக ஜாமீன் வாங்க வேண்டி வரும். ஆகவே அதற்கு முன் பிணை நிபந்தனையைத் தளர்த்தும் மனு போய்விட வேண்டும். திங்கட்கிழமை காலை நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ஜாமீன் உத்தரவின் தேதி, சிறையில் தம்பியின் பதிவு எண், ஆண்டிபட்டி மாமாவின் பத்திரத்தையும் வரி ரசீதையும் திருப்பி அனுப்பிய தேதி ஆகிய மூன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிராகரித்ததை வாயால் மட்டும் சொல்லியிருந்தால், காரணத்தை எழுதித் தரும்படி நீதிமன்றத்திலேயே ஒரு மெமோ கொடுக்க வேண்டும். அதைச் சட்ட உதவி வழக்கறிஞர் செய்வார். ஏட்டு சொன்னதையும் நாளும் நேரமும் குறித்து அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். பின்னால் வழக்குச் சேர்க்கப்பட்டால், அது முன்கூட்டியே மிரட்டப்பட்டது என்பதற்கு அந்தச் சீல்தான் சாட்சி. மாமாவையும் உடன் அழைத்து வாருங்கள்.